ஆறு மணிக்கு ஒரு விருந்தாளி

விருந்தாளிகளில் பல ரகம் உண்டு. ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டு வருகிறவர்கள் ஒரு ரகம். பெட்டி படுக்கையுடன் வாசலில் வந்து நின்றுகொண்டு, "எங்களை எதிர்பார்த்திருக்க மாட்டீர்களே!" என்று சிரிக்கிறவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவதாகவும் ஒரு ரகம் இருக்கிறது. ஆறு மாதம் நம் கொல்லையிலேயே தங்கி, வயிறாரச் சாப்பிட்டு, ஒரு நாள்கூட நம் கண்ணில் படாமல் ஊருக்குத் திரும்பிப் போய்விடுகிற விருந்தாளி! அப்படியும் யாராவது உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. ஆறுமணிக் குருவி என்று பெயர்.

குருவி என்றதும் சிட்டுக் குருவியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது அதைவிடப் பெரிது, மைனாவைவிடச் சிறிது. எடை 50, 60 கிராம். ஒரு நல்ல எலுமிச்சம்பழத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வால் என்று ஒன்று இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால், அது உடுத்தியிருக்கும் உடுப்பு இருக்கிறதே! முதுகில் பச்சை. தோளில் பளீரென்று மயில் நீலத்தில் ஒரு திட்டு. மார்பும் வயிறும் சந்தன நிறம். அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. தொண்டையில் வெள்ளை. கண்ணுக்கு மை தீட்டி, அந்த மையைப் பிடரிவரை இழுத்துவிட்டாற்போல் ஒரு கறுப்புப் பட்டை. ஜவுளிக் கடைக்குப் போய் இத்தனை நிறமும் ஒரே புடவையில் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வடக்கே இதை ‘நவரங்’ என்கிறார்கள். ஒன்பது நிறத்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடுப்புத்தான் என்பது இன்னொரு விசேஷம். யார் அழகு என்ற சண்டைக்கே அந்தக் குடும்பத்தில் இடமில்லை.

இவ்வளவு அலங்காரமும் செய்துகொண்டு அது என்ன செய்கிறது தெரியுமா? புதருக்கு அடியில், நிழலில், சருகுகளைக் கிளறிக்கொண்டு புழு பூச்சி தேடுகிறது! ஆள் அரவம் கேட்டால் அப்படியே சிலையாக நின்றுவிடும். பத்தடி தூரத்தில் நிற்கும், ஆனாலும் தெரியாது. ‘தோட்டக் கள்ளன்’ என்று தமிழில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு. பொருத்தமான பெயர்தான்.

பெயர் விஷயத்தில் இந்தக் குருவியைப் பெரிய பண்டிதர்களும் படாதபாடு படுத்தியிருக்கிறார்கள். உலகத்துச் செடி கொடிகளுக்கும் பிராணிகளுக்கும் முறையாகப் பெயர் சூட்டிய ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி லின்னேயஸ், 1766-ல் இதைக் காக்கைக் குடும்பத்தில் சேர்த்து, ‘குட்டைவால் காக்கை’ என்ற பொருளில் லத்தீனில் ஒரு பெயர் வைத்துவிட்டார். இந்த அழகுக்குக் காக்கை என்று பெயர்! நல்ல வேளையாக, 1816-ல் பிரெஞ்சுக்காரரான வியேயோ என்பவர் இதன் இனத்துக்கு ‘பிட்டா’ என்று பெயர் மாற்றினார். அது நம் பக்கத்து வீட்டுச் சொல். தெலுங்கில் ‘பிட்ட’ என்றால் சின்னப் பறவை.

இருந்தாலும் நம் ஜனங்கள் வைத்த பெயருக்கு ஈடில்லை. இந்தக் கள்ளன் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துக்கொள்கிற வேளை நாளில் இரண்டே இரண்டு. விடிகிற நேரம் ஒன்று. இருட்டுகிற நேரம் ஒன்று. ‘வீட்–ட்யூ’ என்று, தெருமுனையில் நிற்கும் சிநேகிதனை யாரோ சீட்டியடித்துக் கூப்பிடுவது போல, இரண்டு சுரத்தில் ஒரு குரல். நம் பக்கத்தில் தங்கும் மாதங்களில் சில தடவை கூப்பிடும். பிறகு கப்சிப். மறுபடி பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

குருவியிடம் கடிகாரம் கிடையாது. அது வெளிச்சத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறது. நம் ஊர் பூமத்தியரேகைக்குச் சமீபத்தில் இருப்பதால், வருஷம் முழுவதும் சூரியன் உதிப்பதும் மறைவதும் ஆறு மணியைச் சுற்றியே இருக்கிறது. மிஞ்சிப் போனால் அரை மணி, முக்கால் மணி முன்னே பின்னே. ஆனால், இது கோடையில் போய்க் குடும்பம் நடத்தும் இமயமலை அடிவாரத்தில், டேராடூன் பக்கத்தில், ஜூன் மாதம் ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. போவதோ ஏழு மணிக்குமேல்தான். அங்கே இதை ஆறுமணிக் குருவி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தப் பெயர் நம் ஊருக்குத்தான் செல்லும்.

ஆனால் சகோதரிகளே, எனக்கு ஒரு மனத்தாங்கல். காலை ஆறு, மாலை ஆறு! குடும்பப் பெண்களுக்கு இவ்விரண்டையும்விட அசௌகரியமான நேரம் வேறு ஏதாவது உண்டா? காலை ஆறு மணிக்கு ஓர் அடுப்பில் பால், இன்னோர் அடுப்பில் இட்லிப் பானை. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்ற வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பத்திரிகை ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் என் போன்றவர்கள் அந்த நேரத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்போம். பகல் பதினோரு மணிக்கு இந்தக் குருவி கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

இந்த மனத்தாங்கல் எனக்கு ஏற்பட்டது என் மாமியாரால்.

★

அத்தைக்கு வயது எழுபத்திரண்டு. பிறந்த ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பு. தோப்பின் ஓரத்தில் மூங்கில் புதர். அத்தையின் சிறு வயதில் அந்த வீட்டில் கடிகாரம் இல்லை. ஐப்பசி தொடங்கிப் பங்குனிவரைக்கும் தோப்புக்குள்ளிருந்து அந்தச் சீட்டிச் சத்தம் வந்தால், "விளக்கு வை" என்பாராம் அவருடைய அம்மா. அத்தை திரியைத் தூண்டி விளக்கேற்றுவார். பத்து வருஷம், பதினைந்து வருஷம், கல்யாணமாகிப் போகிறவரைக்கும் அப்படி.

"பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"எங்கேம்மா பார்க்கிறது? விளக்கு வைக்கிற நேரத்துல பொம்பளைப் பிள்ளை தோப்புக்குள்ளே போகலாமா? தம்பி போவான். ‘பார்த்தேன்க்கா, பச்சையா இருந்துச்சு’ம்பான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அறுபது வருஷமாக அந்தத் ‘தம்பி பார்த்தான்’ என்பது ஆறாமல் உள்ளே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

2024-ம் வருஷம் நடுவில் அத்தையைக் கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம். கதவு நிலையில் இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வைத்த டம்ளரைக் கவிழ்ப்பதுமாக இருந்தார். கண்புரை என்று நினைத்துக்கொண்டு போனோம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, கண் அழுத்த நோய் என்றார். இந்த நோய் சத்தம் போடாமல் வருகிறது. வலி கிடையாது. முதலில் ஓரப் பார்வை போகும். நேர்ப் பார்வை கடைசிவரை இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், தவறாமல் விட வேண்டும். காலை ஆறு, மாலை ஆறு! எனக்கு அந்தக் குருவியின் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "அம்மா, எங்கேயாவது போக வேண்டும் என்று ஆசை இருந்தால் சொல்லு. காசிக்குப் போய் வரலாமா?" என்று கேட்டார்.

"காசி எங்கேடா போயிடப் போவுது? அங்கேயேதான் இருக்கும்" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆறுமணிக் குருவியை ஒரு தரம் கண்ணால பார்த்துட்டா தேவலை" என்றார்.

★

காசிக்குப் போவது சுலபம். டிக்கெட் வாங்கினால் போதும். குருவியைப் பார்க்கப் போக வேண்டுமானால், ஐந்தாறு பஞ்சாங்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

முதலாவது, குருவியின் பஞ்சாங்கம். மே மாதம் தொடங்கி மழைக்காலம் முழுவதும் அது வட இந்தியாவிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் இருக்கிறது. காய்ந்த இலையும் புல்லும் கொண்டு பந்து போல ஒரு கூடு, பக்கவாட்டில் வாசல், நாலைந்து முட்டைகள். முதல் மழை விழும்போது அங்கே போனால், கள்ளன் மரக்கிளையில் பகிரங்கமாக உட்கார்ந்துகொண்டு நாள் முழுவதும் கூப்பிடுவதைப் பார்க்கலாம். படம் எடுக்கிறவர்கள் அப்போதுதான் போகிறார்கள். ஆனால் அத்தைக்கு வேண்டியது ஏதோ ஒரு ஊர்க் குருவி அல்லவே! அவருடைய தோப்புக் குருவி.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அது தெற்கே புறப்படுகிறது. இமயமலை அடிவாரத்திலிருந்து வருகிறது என்றால் 2,000 கிலோமீட்டருக்குக் குறையாது. எலுமிச்சம்பழக் கனமுள்ள பிராணி, குட்டைச் சிறகுகளை அடித்துக்கொண்டு, இரவு இரவாகப் பிரயாணம் செய்கிறது. சில, கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகின்றன. அந்த மாதத்தில் சென்னைப் பட்டணத்து வீடுகளில்கூட ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. காலையில் குளியலறைக் கதவைத் திறந்தால், மூலையில் ஒன்பது நிறத்தில் ஒரு பறவை திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும்! யாருடைய வளர்ப்புக் கிளியோ என்று நினைப்பார்கள். கிளியல்ல, இரவெல்லாம் பறந்த களைப்பிலும் விளக்கு வெளிச்சம் தந்த மயக்கத்திலும் வழி தவறி இறங்கிய நம் விருந்தாளிதான். கண்ணாடி ஜன்னலில் மோதிக் கீழே விழுவதும் உண்டு. காக்கைகள் சூழ்ந்துகொள்ளும்.

அப்படி உங்கள் வீட்டுக்கு வந்தால் கலவரப்படாதீர்கள். ஓர் அட்டைப் பெட்டியில் காற்றுப் போகத் துளையிட்டு, அடியில் பழைய துணியைப் போட்டு, மெதுவாக உள்ளே விட்டு மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சோறு திணிக்க வேண்டாம். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பொழுது சாயும்போது மரம் செடி உள்ள இடத்தில் திறந்துவிட்டால் போய்விடும். காயம் பட்டிருந்தால் வனத்துறையினருக்குச் சொல்லிவிட வேண்டும்.

சரி, அக்டோபரில் வந்துவிடுகிறதே, அப்போதே போகலாமா என்று பார்த்தேன். இரண்டாவது பஞ்சாங்கம் குறுக்கே வந்தது. அதுதான் மழை. வேதாரண்யம் பக்கத்தில் வடகிழக்குப் பருவ மழை என்றால் விளையாட்டல்ல. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. மாமாவின் தோப்பில் இருந்த அறுபது மாமரங்களில் மறுநாள் நின்றவை பதினொன்று. மூங்கில் மட்டும் வளைந்து கொடுத்துத் தப்பியது.

மூன்றாவது, எங்கள் ஆபீஸ் பஞ்சாங்கம். தீபாவளி மலர் வேலை நடக்கும்போது லீவு கேட்பதற்கு எனக்குத் தைரியம் கிடையாது. நாலாவது, பையனின் பள்ளிக்கூடப் பஞ்சாங்கம். ஏழாவது படிக்கிறான், டிசம்பரில் அரைப் பரீட்சை. மார்ச், ஏப்ரலில் போகலாம் என்றால், தரை காய்ந்து கிடக்கும். காலடியில் ஒவ்வொரு சருகும் அப்பளமாக நொறுங்கும். குருவியும் மூட்டை கட்டத் தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே அத்தையின் கண் இருக்கிறது. அதற்கு எந்தப் பஞ்சாங்கமும் கிடையாது. தள்ளிப் போடுவதற்கில்லை.

ஆக மிஞ்சியது தை மாதம். யோசித்துப் பார்க்கப் பார்க்க அதுதான் உத்தமம் என்று தெரிந்தது. மழை ஓய்ந்திருக்கும், ஆனால் மண்ணில் ஈரம் இருக்கும். ஈரம் இருந்தால் மண்புழு மேலே வரும். சருகு சத்தம் போடாது. வந்த குருவியும் இரண்டு மூன்று மாதத்தில் தனக்குப் பிடித்த மூலையைக் கண்டுபிடித்து நிலைத்திருக்கும்.

பறவை பார்க்கிற அன்பர்கள் தாங்கள் கண்டதை இடம், தேதி, நேரத்துடன் இணையத்தில் பதிந்து வைக்கிறார்கள். 2015-லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கமும் இருந்து வருகிறது. அதிலெல்லாம் தேடிப் பார்த்தேன். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல காலமாகப் பறவைகளுக்குக் கால் வளையம் மாட்டி வரும் கோடிக்கரை, மாமாவின் ஊருக்குக் கூப்பிடு தூரம். ஜனவரியில் போனால் குருவி இருக்கும் என்ற தைரியம் வந்தது. கடைசியாக, எல்லாவற்றையும்விட நம்பகமான அத்தாட்சிக்காக மாமாவுக்குப் போன் செய்தேன்.

"அதுவா? தினம் மூங்கில்ல கத்துதே! நீங்க வாங்க" என்றார் மாமா.

என் கணவர் மட்டும், "எலுமிச்சம்பழம் அளவு குருவியைப் பார்க்க நாலு பேருக்கு ரயில் டிக்கெட்டா?" என்று முணுமுணுத்தார். பிறகு அவரே போய் வாங்கி வந்தார்.

★

2025 ஜனவரியில், போகிக்கு முதல் நாள், இரவு ரயிலில் நாகப்பட்டினம் போய் இறங்கி, அங்கிருந்து காரில் போனோம். மாமா வீட்டில் நாங்கள் கணக்கில் சேர்க்காத ஒரு பஞ்சாங்கம் காத்திருந்தது. பொங்கல்!

முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்கே தோப்பில் நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைத்தோம். ஐந்தே முக்காலுக்கு, தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டி வைத்திருந்த பையன்கள் சினிமாப் பாட்டை ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் ஆறுமணிக் குருவி அல்ல, ஆறு மணிச் சங்கு ஊதினாலும் கேட்டிருக்காது. ஏழு மணிவரை கொசுக்கடியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தோம்.

மறுநாள் பொங்கல். காலை ஆறரை மணிக்குச் சூரிய உதயம். அந்த நேரத்தில் முற்றத்தில் பானை பொங்க வேண்டும். "தோப்புக்குப் போகலாமா?" என்று நான் அத்தையிடம் கேட்கக்கூட இல்லை. அவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பால் பொங்கி வழிகிற சமயத்தில், ‘பொங்கலோ பொங்கல்’ என்ற சத்தத்துக்கு நடுவே, கொல்லைப்புறமிருந்து மெல்லியதாக ஒரு சீட்டி. அத்தையின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் கிண்டத் தொடங்கியது.

அன்று மாலை ஒலிபெருக்கிக்கு மாமா ஓய்வு வாங்கிக் கொடுத்தார். ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு மூங்கில் புதருக்குள்ளிருந்து மூன்று முறை குரல் வந்தது. மிகவும் பக்கத்தில். நாங்கள் ஐந்து பேரும் கண்ணைப் பிளந்து பார்த்தோம். இருட்டு; மூங்கில்; அதற்குமேல் ஒன்றும் இல்லை. நல்ல கண்ணுள்ள என் பையனுக்கே தெரியவில்லை என்றால், அத்தைக்கு எப்படித் தெரியும்?

அத்தை, "குரலையாவது கேட்டேனே, போதும்" என்றார். போதாது என்பது அவர் குரலில் தெரிந்தது.

இரவு சாப்பிட்டுவிட்டு மாமாவும் என் கணவரும் பெரிய யோசனை செய்தார்கள். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் என்ன? டார்ச் அடித்தால் என்ன? என் பையன் தன் யோசனையைச் சொன்னான்: "போன்ல அதோட குரல் இருக்கும்மா. போட்டுக் காட்டினா ஓடி வந்துடும்." அது கூடாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஒரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து அது பதறிக்கொண்டு வரும். ஆறு மாதம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த விருந்தாளியை நாம் கூப்பிட்டு ஏமாற்றலாமா?

மாமி அதுவரை ஒன்றும் பேசவில்லை. பாத்திரங்களை ஒழித்துக்கொண்டே வந்தவர், "என்ன குருவி அது? எப்படி இருக்கும்?" என்று கேட்டார். போனில் படத்தை எடுத்துக் காட்டினேன்.

மாமி உற்றுப் பார்த்தார். "அட, இதுவா! இதுக்கா அண்ணியைப் பனியிலே தோப்புல உட்கார வச்சீங்க? இது தினம் காலையிலே நான் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு வருமே!" என்றார்.

எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"வாழைக் கன்னுகிட்டே கழுவின தண்ணி போவுதுல்ல? அந்த ஈரத்துல வந்து புழு பொறுக்கும். ஆறரைக்குமேல வரும். நான் பாட்டுக்குத் தேய்ப்பேன், அது பாட்டுக்குத் தின்னும். பச்சைக் குருவின்னுதான் நான் சொல்லிக்குவேன். மூங்கில்ல கத்துறதும் இதும் ஒண்ணுன்னு எனக்கு என்ன தெரியும்?"

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக, ஒவ்வொரு பனிக்காலமும், மாமி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! தோப்புக்குப் போய்த் தேடிய ஆண்பிள்ளைகளுக்கு அது அபூர்வப் பறவை. விடியற்காலையில் பற்றுப் பாத்திரத்தோடு கொல்லைக்குப் போகிறவருக்கு அது வாடிக்கைப் பறவை. குருவியின் நேரமும் அவருடைய வேலை நேரமும் ஒன்றாக இருந்ததுதான் விஷயம். பெண்களுக்கு அசௌகரியமான நேரம் என்று சற்று முன்னால் நான் சொன்ன புகாரை அன்றிரவே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

★

மாட்டுப் பொங்கல் காலை. சொட்டு மருந்து விட்டதும் சிறிது நேரம் கண் மங்கலாக இருக்கும். அரை மணி முன்னால் விடலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஐந்தரைக்கு மருந்து விட்டேன். ஆறே காலுக்குச் சமையலறையின் கொல்லைப்புற வாசற்படிக்கு உள்ளே ஒரு முக்காலியைப் போட்டு அத்தையை உட்கார வைத்தோம். எதிரே நேர்கோட்டில் வாழைக் கன்றுகள். ஓரப் பார்வை இல்லாதவர்கள் இங்கும் அங்கும் தேட முடியாது. ஆனால், நேரே இருப்பது அத்தைக்கு நன்றாகத் தெரியும். மாமி எப்போதும் போலப் போய் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கத் தொடங்கினார். நாங்கள் உள்ளே, மூச்சு விடாமல் நின்றோம்.

ஆறு மணி இருபத்தைந்துக்கு மூங்கிலிலிருந்து முதல் சீட்டி. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு சத்தமில்லை. கிழக்கே வெளுத்தது. மாமியின் தேங்காய் நார் வெண்கலப் பானையில் உரசும் ஓசை மட்டும் கேட்டது.

வாழைச் சருகு ஒன்று அசைந்தது. காற்று என்று நினைத்தேன். அதற்குப் பின்னாலிருந்து ஒரு தத்து, நின்றது. இன்னொரு தத்து; நின்றது. வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, மாமிக்குப் பத்தடி தூரத்தில்! அலகால் ஒரு சருகைப் புரட்டித் தள்ளியது. ஒரு மண்புழுவை இழுத்தது. புழு அந்தப் பக்கம் இழுக்க, குருவி இந்தப் பக்கம் இழுக்க, கடைசியில் குருவியே ஜெயித்தது. திரும்பியபோது அடிவயிற்றுச் சிவப்பு, ஈர மண்ணுக்குமேல் நெருப்புத் துண்டு போலத் தெரிந்தது.

நான் அத்தையைப் பார்த்தேன். முழங்கால்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, இமைக்காமல் இருந்தார். கண் ஒழுங்காகப் பார்க்கிறதா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. குருவி இடது பக்கம் தத்தினால் அவர் முகம் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் தத்தினால் வலது பக்கம்.

மூன்று நிமிஷம் இருக்கலாம், நாலு நிமிஷம் இருக்கலாம். கூரைமேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கரைந்தது. அவ்வளவுதான். நீலமும் வெள்ளையுமாகச் சிறகு பளிச்சிட்டது. வாழைக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அத்தை, "இவ்வளவு சின்னதா!" என்றார். "அந்தக் குரலுக்கு ஒரு கோழி அளவாவது இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன்."

மாமா பின்னாலிருந்து, "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா, பச்சையா இருக்கும்னு?" என்றார்.

அத்தை திரும்பிப் பார்த்தார். "பச்சைன்னுதானேடா சொன்னே! சிவப்பைச் சொல்லவே இல்லையே நீ! கண்ணுக்கு மை போட்டிருக்கே, அதைச் சொன்னியா?"

எழுபது வயது மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

★

இதைப் படிக்கும் உங்களில் பலர், "எங்களுக்கு வேதாரண்யத்தில் மாமா இல்லையே" என்று நினைக்கலாம். மாமா வேண்டாம். சென்னையில் கிண்டி, அடையாறு போல மரங்கள் மிஞ்சியிருக்கும் பகுதிகளிலும், மற்ற ஊர்களில் பழைய தோப்பும் நிழலும் உள்ள இடங்களிலும், அக்டோபரிலிருந்து மார்ச்வரை இந்தக் குருவி தங்குகிறது. விளக்கேற்றும் நேரத்தில் இரண்டு நிமிஷம் டெலிவிஷனை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறம் காதைக் கொடுங்கள். குரல் கேட்டால், மறுநாள் காலை அதே நேரத்துக்கு, ஈரமும் சருகும் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அலைய வேண்டாம், ஓரிடத்தில் உட்கார்ந்து கையில் ஏதாவது வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வதுகூடப் போதும்.

மாமி இப்போது தினசரிக் காலண்டரில் குறித்து வைக்கத் தொடங்கியிருக்கிறார். 2025 ஏப்ரல் நடுவில் ஒரு நாள், "ரெண்டு நாளா வரலை அண்ணி" என்று போன் செய்தார். அக்டோபரில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மறுபடியும் போன். நான் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் எடுத்துப் பேசினார். பேசி முடித்துவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"வந்துடுச்சாம். அதே வாழையடிதான்" என்றார். போக எத்தனித்தவர், நிலையில் கையை வைத்துத் திரும்பினார். "பொங்கலுக்குக் கொல்லையைச் சுத்தம் பண்றேன்னு தம்பி அந்தச் சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்திடப் போறான். மாமிகிட்டே சொல்லி வை, அந்த இடத்துல மட்டும் விளக்குமாறு படக்கூடாதுன்னு."